ஏர் பில்டரை மாற்றியதும் கார் திணறுகிறதா? கம்ப்யூட்டரை இணைத்துப் பாருங்கள்

வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது என்று சொல்பவர்களிடம், வாசலில் கார் நிற்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். நின்றால் கம்ப்யூட்டர் இரண்டு என்று திருத்திக் கொள்ளலாம். இன்றைய பெட்ரோல் கார் ஒவ்வொன்றிலும் எஞ்சினைக் கவனித்துக் கொள்ள ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. இ.சி.யு. என்பார்கள். மானிட்டர் கிடையாது, கீபோர்டும் கிடையாது. ஆனால் கேள்வி கேட்டால் பதில் சொல்லும். உங்கள் லேப்டாப்பையும் அதையும் ஒரு சிறிய அடாப்டர் மூலம் பேச வைத்து, எஞ்சின் கோளாறு ஒன்றை எப்படிக் கண்டுபிடிக்கலாம் என்று இந்தக் கட்டுரையில் பார்க்கலாம். மெக்கானிக் வேலை தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு பைலைத் திறக்கவும், எக்ஸெல் போன்ற ஸ்ப்ரெட்ஷீட்டில் சராசரி எடுக்கவும் தெரிந்தால் போதும்.

என் அலுவலக நண்பர் ஒருவர் பழைய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கினார். 1.6 லிட்டர் எஞ்சின். வாரம் இருமுறை அப்பாவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போவதற்காக வாங்கிய கார் அது. முந்தைய உரிமையாளர், கம்பெனி கொடுத்த ஏர் பில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, பளபளக்கும் அலுமினியக் குழாயும் கூம்பு வடிவ பில்டரும் மாட்டியிருந்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் முதலில் ஒன்றும் நடக்காது; ஒரு நொடி திணறிவிட்டு, பிறகு குபீரென்று பாயும். பக்கத்துத் தெருவிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் ஏறும்போது அந்த ஒரு நொடி மிக நீளமானது, பின்னால் லாரி வந்தால் இன்னும் நீளம். மஞ்சள் நிற எஞ்சின் விளக்கும் எரிந்து கொண்டிருந்தது. ஒர்க்‌ஷாப்பில், "பெட்ரோல் பம்ப் வீக், இன்ஜெக்டரும் மாத்தணும்" என்று 22,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பணம் கட்டுவதற்கு முன்னால், "நீங்க கம்ப்யூட்டர் ஆளுதானே, ஒரு தடவை பாருங்களேன்" என்று என்னிடம் வந்தார்.

காற்றை எடை போடும் கம்பி

எஞ்சின் கம்ப்யூட்டரின் முக்கிய வேலை ஒரு வகுத்தல் கணக்கு. ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று தேவை. ஆக, உள்ளே எத்தனை கிராம் காற்று போகிறது என்று தெரிந்தால் எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும் என்று கணக்கிட்டு விடலாம். காற்றை எப்படி எடை போடுவது? ஏர் பில்டரை அடுத்த குழாயில் சூடாக்கப்பட்ட மெல்லிய கம்பி ஒன்று இருக்கும். சூடான காபியை ஊதினால் ஆறுகிறது அல்லவா? அதேபோல் காற்று வேகமாகப் போனால் கம்பி அதிகம் குளிரும். அதைத் தொடர்ந்து சூடாக வைக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது என்பதைப் பார்த்து, காற்றின் அளவை கம்ப்யூட்டர் தெரிந்து கொள்கிறது. இதுதான் மாஸ் ஏர்ப்ளோ சென்சார். சுருக்கமாக மாப் என்போம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கம்பிக்குத் தெரிவது, தன்னைத் தொட்டுச் செல்லும் காற்று மட்டும்தான். குழாய் முழுவதும் போகும் காற்று எவ்வளவு என்பது, கம்பெனியில் அளந்து எழுதிவைத்த ஒரு அட்டவணையிலிருந்து வருகிறது. அந்த அட்டவணை கம்பெனி குழாயின் விட்டத்துக்கு மட்டுமே சரி. 60 மில்லிமீட்டர் குழாய்க்குப் பதில் 70 மில்லிமீட்டர் குழாயில் அதே சென்சாரைச் செருகினால், குழாயின் பரப்பு 36 சதவீதம் கூடிவிடும். அதே அளவு காற்று அகலமான வழியில் மெதுவாகப் போகும். கம்பி குறைவாகக் குளிரும். காற்று குறைவு என்று கம்ப்யூட்டர் நினைத்து, பெட்ரோலையும் குறைத்துவிடும். கம்ப்யூட்டரில் தவறான டேட்டாவைக் கொடுத்தால் தவறான விடைதான் வரும் என்று முதல் வகுப்பிலேயே சொல்வார்களே, அது காருக்கும் பொருந்தும். புரோகிராமில் பிழை இல்லை. உள்ளே போகும் எண்தான் பொய்.

இதைச் சரிபார்க்க இன்னொரு சாட்சி உண்டு. சைலன்சர் குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார். 1976ல் வால்வோ காரில் பாஷ் நிறுவனத்தின் சென்சாராக முதலில் வந்தது இது. புகையில் ஆக்ஸிஜன் மிச்சம் இருந்தால் பெட்ரோல் பற்றவில்லை என்று இது சொல்லும். உடனே கம்ப்யூட்டர் தன் கணக்கின்மேல் ஒரு திருத்தம் போடும். இதன் பெயர் பியூயல் டிரிம். பிளஸ் 10 என்றால், "என் கணக்குப்படி போட்டது போதவில்லை, 10 சதவீதம் கூடுதலாகத் தெளிக்கிறேன்" என்று பொருள். நொடிக்கு நொடி மாறும் திருத்தம் ஷார்ட் டெர்ம். பலநாள் அனுபவத்தில் கற்று நினைவில் வைத்தது லாங் டெர்ம். இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும். நல்ல நிலையில் உள்ள காரில் கூட்டுத்தொகை பூஜ்யத்தை ஒட்டி, முன்னே பின்னே 5க்குள் நிற்கும். 10 சதவீத எத்தனாலுக்கு அமைக்கப்பட்ட காரில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் போட்டால் இந்த எண் 3 அல்லது 4 மேலே போகும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

லேப்டாப்பை இணைப்பது

ஸ்டியரிங்குக்குக் கீழே, டேஷ்போர்டின் அடியில் 16 பின் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். ஓ.பி.டி. சாக்கெட் என்று பெயர். அமெரிக்காவில் 1996 முதல் எல்லா கார்களிலும் இந்த ஓ.பி.டி. இரண்டாம் பதிப்பு கட்டாயம். இந்தியாவில் 2013 ஏப்ரலில் இருந்து கட்டாயமானது. அதற்கு முந்தைய சில கார்களிலும் இருக்கலாம், செருகிப் பார்த்தால்தான் தெரியும்.

இதில் மாட்ட ஒரு அடாப்டர் வேண்டும். எல்ம் 327 என்ற சிப் கொண்டவை சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கின்றன. இந்தச் சிப்பை உருவாக்கியது கனடாவின் எல்ம் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம். கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை நகல்கள்தான். நம் வேலைக்கு நகலும் போதும், ஆனால் மிக மலிவானதை வாங்காதீர்கள். யு.எஸ்.பி. வகையும் புளூடூத் வகையும் உண்டு. லேப்டாப்புக்கு யு.எஸ்.பி. என் தேர்வு. இடையில் இணைப்பு அறுந்து போகாது.

அடாப்டரை லேப்டாப்பில் செருகியதும் விண்டோஸ் அதற்கான டிரைவரைத் தேடி நிறுவும். (இந்த டிரைவர் சாப்ட்வேர். காரை ஓட்டப் போகிற டிரைவர் வேறு, அவரும் தேவைப்படுவார்.) பிறகு ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். போர்ட்ஸ் என்ற பிரிவில் யு.எஸ்.பி. சீரியல் என்று ஒரு வரி வந்திருக்கும். அருகில் காம் 3, காம் 5 என்று ஏதாவது ஒரு எண் இருக்கும். அதைக் குறித்துக் கொள்ளுங்கள். எந்த சாப்ட்வேரும் முதலில் கேட்பது இதைத்தான். அந்த வரியில் மஞ்சள் முக்கோணம் தெரிந்தால் டிரைவர் சரியாக நிறுவப்படவில்லை என்று அர்த்தம். புளூடூத் அடாப்டர் என்றால் பின் எண் பெரும்பாலும் 1234 அல்லது 0000. இதில் விண்டோஸ் இரண்டு காம் போர்ட்டுகளைக் காட்டும். அவுட்கோயிங் என்று இருப்பதையே எடுங்கள்.

ஒரு சின்ன சோதனை செய்து பார்ப்போமா? புட்டி என்ற இலவச புரோகிராமில் சீரியல் என்பதைத் தேர்ந்தெடுத்து, காம் எண்ணையும் வேகம் 38400 என்றும் கொடுத்துத் திறங்கள். ஏ, டி, இசட் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை டைப் செய்து என்டர் தட்டினால் அடாப்டர் தன் பெயரைச் சொல்லும். டயல்அப் மோடம் வைத்திருந்தவர்களுக்கு இது பழைய உறவு. 1981ல் ஹேய்ஸ் மோடத்தில் வந்த அதே கட்டளை முறை இன்னும் உயிரோடு இருக்கிறது. எஞ்சினை ஓடவிட்டு 0110 என்று டைப் செய்யுங்கள். நண்பரின் கார் கொடுத்த பதில் 41 10 01 40. முதல் இரண்டும் நம் கேள்வியைத் திருப்பிச் சொல்வது. மற்ற இரண்டும் 16 அடிமான எண்கள். 01 என்பது 256. 40 என்பது 64. கூட்டினால் 320. நூறால் வகுத்தால் 3.20. அதாவது நொடிக்கு 3.2 கிராம் காற்று எஞ்சினுக்குள் போகிறது என்று மாப் சென்சார் சொல்கிறது. காரின் கம்ப்யூட்டரோடு நீங்கள் நேரடியாகப் பேசிவிட்டீர்கள்!

தினமும் இப்படி டைப் செய்ய முடியாது. ஓ.பி.டி.விஸ், ஸ்கேன்மாஸ்டர் போன்ற சாப்ட்வேர்கள் இந்தக் கணக்கைச் செய்து மீட்டர்களாகக் காட்டும். ஆண்ட்ராய்டு போனில் டார்க் என்ற ஆப் உண்டு. மீட்டர்களின் அழகில் மயங்க வேண்டாம். நமக்குத் தேவை, எண்களைப் பைலாகச் சேமிக்கும் வசதி மட்டும்தான்.

எதைப் பதிவு செய்வது

புதியவர்கள் பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் டிக் செய்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். அடாப்டர் ஒவ்வொரு எண்ணையும் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குகிறது. இருபது எண்களைக் கேட்டால் ஒரு சுற்று முடியவே சில நொடிகள் ஆகலாம். நாம் தேடும் திணறலோ ஒரே நொடி. இரண்டு பதிவுகளுக்கு நடுவே நழுவிவிடும். எஞ்சின் ஆர்.பி.எம்., திராட்டில், மாப், இரண்டு பியூயல் டிரிம், ஆக ஐந்து போதும்.

எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு பதிவைத் தொடங்குங்கள். குளிர்ந்த எஞ்சினில் கம்ப்யூட்டர் ஆக்ஸிஜன் சென்சாரைக் கண்டுகொள்ளாது. மூன்று நிமிடம் ஐட்லிங், மூன்று நிமிடம் நிறுத்திய நிலையிலேயே 2,500 ஆர்.பி.எம்., பிறகு பத்து நிமிடம் சாலையில். திறந்த வெளியில்தான் எஞ்சினை ஓடவிட வேண்டும். சாலையில் ஒருவர் ஓட்ட, இன்னொருவர் லேப்டாப்போடு பக்கத்தில் உட்கார வேண்டும். ஓட்டுபவர் திரையைப் பார்க்கவே கூடாது. இதில் சமரசம் வேண்டாம்.

எச்சரிக்கை விளக்கு எரிந்தால் கோட் எண்ணையும் குறித்துக் கொள்ளுங்கள். கிளியர் என்ற பட்டனை அவசரப்பட்டு அழுத்தாதீர்கள். கோடோடு சேர்ந்து, கம்ப்யூட்டர் பலநாள் கற்று வைத்த லாங் டெர்ம் திருத்தமும் அழிந்துவிடும். நமக்கு வேண்டிய துப்பே அதில்தான் இருக்கிறது. நண்பரின் காரில் இருந்த கோட் பி0171. கலவையில் பெட்ரோல் போதவில்லை என்பது இதன் பொருள். ஏன் போதவில்லை என்று கோட் சொல்லாது. ஒர்க்‌ஷாப்பில் இந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு பம்ப் என்று முடிவு கட்டியிருக்க வேண்டும்.

எண்கள் சொல்லும் கதை

சி.எஸ்.வி. பைலை எக்ஸெல்லிலோ, இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸ் கால்க்கிலோ திறங்கள். இரண்டு டிரிம்களையும் கூட்டி ஒரு புதிய காலம் உருவாக்குங்கள். ஆர்.பி.எம். காலத்தில் பில்டர் போட்டு, ஐட்லிங், 2,500, சாலையில் நன்றாக மிதித்த நேரம் என்று பிரித்து சராசரி எடுங்கள்.

பெட்ரோல் பம்ப் பலவீனமாக இருந்தால், ஐட்லிங்கில் டிரிம் சாதாரணமாக இருக்கும். கொஞ்சம் பெட்ரோல்தானே தேவை. மிதிக்க மிதிக்கத்தான் பற்றாக்குறை கூடும். சென்சாருக்குத் தெரியாமல் எஞ்சினுக்குள் காற்று கசிந்தால் இதற்கு நேர்மாறு. ஐட்லிங்கில் மொத்தக் காற்றே கொஞ்சம் என்பதால் கசிவு பெரிய பங்கு, ஆர்.பி.எம். ஏற ஏற அதன் பங்கு கரைந்துவிடும். குழாய் விட்டம் மாறி சென்சார் தவறாக அளந்தால், எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே சதவீதம் காட்டும்.

நண்பரின் காரில் ஐட்லிங்கில் பிளஸ் 23, 2,500ல் பிளஸ் 15, மேம்பாலத்தில் மூன்றாம் கியரில் ஏறும்போது பிளஸ் 12. மிதித்தால் குறைகிறது. பம்ப் என்றால் இது கூட வேண்டும். 22,000 ரூபாய் எஸ்டிமேட் அந்த இடத்திலேயே அடிபட்டுப் போனது.

கசிவு எங்கே? பானெட்டைத் திறந்ததும் தெரிந்தது. எஞ்சினின் மேல்மூடியிலிருந்து வரும் பிரீதர் குழாய், மாப் சென்சாருக்குப் பிறகு, இன்டேக் குழாயில் வந்து சேர வேண்டும். எஞ்சின் உள்ளே இழுக்கும் அந்தக் காற்றும் சென்சாரைத் தாண்டித்தான் வர வேண்டும் என்பதற்காகவே அந்த இணைப்பு. இந்தக் காரில் பிரீதர் வாயில் எலுமிச்சம்பழம் அளவு குட்டி பில்டர் ஒன்றை அழகுக்கு மாட்டிவிட்டு, இன்டேக் குழாயில் இருந்த துளையை ரப்பர் மூடியால் அடைத்திருந்தார்கள். கணக்கில் வராத காற்று தாராளமாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஒரு ரப்பர் ஹோஸும் இரண்டு கிளிப்பும் வாங்கி இணைத்தோம். இப்போது கோடை அழித்துவிட்டு, இரண்டு நாள் ஓட்டியபின் மறுபடி பதிவு செய்தோம். ஐட்லிங் 12, 2,500ல் 12, மேம்பாலத்தில் 11.

ஐட்லிங் சீரானது, விளக்கும் அணைந்தது. ஆனால் திணறல் குறைந்ததே தவிர, போகவில்லை. எண்களும் மூன்று இடத்திலும் ஒன்றுபோல நின்றதால் சந்தேகம் குழாயின்மேல் திரும்பியது. சென்னை புதுப்பேட்டையில் அதே மாடலின் பழைய கம்பெனி பில்டர் பெட்டி ஒன்று கிடைத்தது. வெர்னியர் வைத்து அளந்தோம். சென்சார் உட்காரும் இடத்தில் கம்பெனி குழாய் 60 மில்லிமீட்டர். அலுமினியக் குழாய் 63.5. பரப்பு 12 சதவீதம் அதிகம். டிரிமும் 12!

இன்னொரு வழியிலும் சரிபார்த்தேன். 1.6 லிட்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு 0.8 லிட்டர் இழுக்கும். 3,000 ஆர்.பி.எம்.மில் நொடிக்கு 40 லிட்டர், எடையில் சுமார் 46 கிராம். முழுதாக மிதித்தால் எஞ்சின் இதில் 80 முதல் 90 சதவீதம் நிரப்பும் என்று வைத்தால் 37 முதல் 41 கிராம் காட்ட வேண்டும். பதிவில் இருந்தது 34.

சரி, 12 சதவீதத்தைத்தான் கம்ப்யூட்டர் திருத்திக் கொள்கிறதே, பிறகு ஏன் திணறல்? திராட்டில் 14ல் இருந்து 60க்குத் தாவும் வரிகளை மட்டும் பாருங்கள். மாப் காலத்தில் அடுத்தடுத்து 6, 9, 5, 27 என்று இருந்தது. கதவு திறக்கும்போது காற்று 9லிருந்து 5க்குக் குறையவே முடியாது. புதிய குழாயில் சென்சாருக்குச் சற்று முன்னால் ஒரு வளைவு இருந்தது. கம்பெனி பெட்டியில் காற்றைச் சீராக்க வைத்திருந்த தேன்கூடு போன்ற வலை இதில் இல்லை. திடீரென்று இழுக்கும்போது காற்று சுழன்று கம்பியைத் தாறுமாறாகத் தொடுகிறது. அந்த நொடியில் பெட்ரோலும் தாறுமாறு. ஆக்ஸிஜன் சென்சார் புகையைப் பார்த்துத் திருத்துவதற்குள் திணறல் நடந்து முடிந்துவிடும்.

புதிய குழாய்க்கு ஏற்ப இ.சி.யு.வின் அட்டவணையை மாற்றி எழுதும் நிபுணர்கள் இருக்கிறார்கள். செலவு அதிகம், டயாலிசிஸுக்குப் போகும் காருக்கு அது தேவையுமில்லை. 2,500 ரூபாய்க்கு அந்தப் பழைய பெட்டியையே வாங்கி மாட்டினோம். சென்சார் கம்பியை அதற்கென்றே விற்கும் ஸ்பிரேயால் சுத்தம் செய்தோம், கூம்பு பில்டரில் பூசிய எண்ணெய் அதில் படிந்திருந்தது. டிரிம் பிளஸ் 3க்கு வந்தது. திணறல் போய்விட்டது. ஜி.எஸ்.டி. சாலையில் ஏறிய அன்று நண்பரின் அப்பாவே, "இப்போ வண்டி சொன்ன பேச்சைக் கேட்குது" என்றார்.

கூம்பு பில்டர் போட்டால் பவர் கூடும் என்பவர்கள் உள்ளே போகும் காற்றின் வெப்பத்தையும் ஒருமுறை பதிவு செய்து பார்க்கட்டும். வெளியே 38 டிகிரி இருந்த நாளில், டிராபிக்கில் அந்தக் கார் இழுத்தது பானெட்டுக்குள் இருந்த 62 டிகிரி காற்றை. அந்தச் சூட்டில் காற்றின் அடர்த்தி 7 சதவீதம் குறைந்துவிடும். சத்தம் கூடியது உண்மை.

எல்லா கார்களிலும் மாப் சென்சார் இருக்காது. சில கார்கள் இன்டேக் மேனிபோல்டின் அழுத்தத்தை அளந்து காற்றைக் கணக்கிடுகின்றன. உங்கள் சாப்ட்வேரில் மாப் கட்டம் காலியாகவும், மேனிபோல்ட் பிரஷர் கட்டத்தில் எண்ணும் வந்தால் உங்களுடையது அந்த வகை. அதில் பில்டர் குழாயின் விட்டம் மாறினாலும் கணக்கு கெடாது. கசிவு இருந்தால் டிரிம் ஏறுவதற்குப் பதில் ஐட்லிங் வேகம்தான் ஏறும். சூடான காற்று, லூசான வயர் கனெக்டர் இவற்றை முதலில் பாருங்கள்.

கார் நன்றாக ஓடும்போதே ஒரு பதிவு எடுத்து, தேதியைப் பெயராகக் கொடுத்து ஒரு தனி போல்டரில் போட்டு வையுங்கள். பின்னால் ஏதாவது மாற்றினாலோ கோளாறு வந்தாலோ ஒப்பிட ஒரு பழைய பைல் இருக்கும். வேலை முடிந்ததும் அடாப்டரை மறக்காமல் கழற்றிவிடுங்கள். கார் அணைந்திருந்தாலும் அந்த சாக்கெட்டில் மின்சாரம் இருக்கும். ஒரு வாரம் அப்படியே விட்டால் பேட்டரி இறங்கிவிடலாம்.